கல்லில் நிற்கும் மரவீடு: சோழர் விமானத்தைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

கற்றளி என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. தளி என்றால் கோயில். கல்லால் எடுத்த தளி கற்றளி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்றுதான் அதைக் குறிப்பிடுகிறது. கோயில் என்றாலே கல் என்று பழகிவிட்ட நமக்கு, 'கல்' என்பதை ஒரு மன்னர் இப்படி அழுத்திச் சொல்வது வியப்பாக இருக்கும். கோயில்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செங்கல்லும் மரமும் சுதையும் கொண்டு கட்டப்பட்டவை.

இதற்கு நேரடிச் சான்று விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்த இருப்பிடத்தை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற தன் பட்டப் பெயரோடு வடமொழியில் பொறித்து வைத்தான். எவையெல்லாம் இல்லை என்று அவன் அடுக்குவதிலிருந்தே அதுவரை கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது தெரிந்துவிடுகிறது.

சோழர் கோயிலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். கற்றளியில் நாம் பார்க்கும் உறுப்புகளில் பல, கல்லுக்குத் தேவைப்பட்டவை அல்ல. மரத்தூணும் மூங்கில் கழியும் கூரை வேய்ந்த சரிவும் கொண்ட ஒரு வீட்டுக்கு அவை தேவைப்பட்டன. தச்சர்கள் கல்லுக்கு மாறியபோது அந்த வீட்டை மறக்கவில்லை. உறுப்பு உறுப்பாகக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். தஞ்சைக் கோயிலை அமைத்த தலைமைச் சிற்பியைக்கூட அங்குள்ள கல்வெட்டு 'குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்' என்றே அழைக்கிறது. கல்லில் வேலை செய்தவருக்கும் தச்சன் என்ற பெயரே நின்றது.

இனி கோயிலுக்குப் போவோம். கருவறைக்கு மேல் எழும் கட்டடம் விமானம். வாயிலின் மேல் எழுவது கோபுரம். இரண்டையும் கோபுரம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆனால் இரண்டும் வேறு. தரிசனம் முடிந்ததும் வெளியே வந்து, திருச்சுற்றில் தெற்குப் பக்கமாக நின்று விமானத்தைப் பாருங்கள். பார்வையை உச்சிக்குக் கொண்டு போகாமல் தரையிலிருந்து தொடங்குங்கள். சிற்ப நூல்கள் விமானத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கின்றன. கீழிருந்து மேலாக அதிட்டானம், பாதம் எனப்படும் சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. தாங்குதளம், சுவர், கூரை, கழுத்து, தலை, குடம் என்று தமிழில் வைத்துக்கொண்டாலும் பொருள் மாறாது. கோயிலை நிற்கும் உடலாகவே எண்ணியிருக்கிறார்கள்.

அதிட்டானத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். பலரும் கண் வைக்காமல் கடந்து போகும் பகுதி அது. தரையை ஒட்டி இருப்பது உபானம். அதற்கு மேல் செங்குத்தான பட்டையாக ஜகதி. அதற்கும் மேல் உருண்டையாக அல்லது எட்டுப் பட்டையாகப் புடைத்து நிற்பது குமுதம். பிறகு உள்வாங்கிய கண்டம், அதன் மேல் வெளியே நீண்ட பட்டிகை. இப்படி அமைந்தால் அதைப் பாதபந்தம் என்பார்கள். பட்டிகைக்குப் பதிலாக யாளிகள் வரிசையாக ஓடி, மூலைகளில் மகரத் தலைகள் வாய் பிளந்து நிற்குமானால் அது பிரதிபந்தம். இந்த இரண்டை மட்டும் அடையாளம் காணத் தெரிந்தாலே அடுத்த முறை கோயில் உங்களுக்கு வேறாகத் தெரியும்.

ஜகதியும் குமுதமும் ஊரின் ஆவணக் காப்பகமும் ஆகும். நிலக்கொடை, விளக்கெரிக்க விட்ட ஆடுகள், சபை எடுத்த முடிவு, வரி நீக்கம் என எல்லாம் அந்த வளைந்த கல்லின் மேல் தமிழில் வெட்டப்பட்டிருக்கும். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை அனைத்தையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டதும் பெரிய கோயிலின் கல்லில்தான் இருக்கிறது. அக்கன் என்பது அவருடைய தமக்கை குந்தவை. அரசனின் கொடைக்கு எவ்வளவு மதிப்போ, அதே வரிசையில் மற்றவர் கொடையும் எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பல ஊர்களில் திருச்சுற்றின் தரையை உயர்த்திக் கல் பாவியதில் உபானமும் ஜகதியும் புதைந்து போயிருக்கின்றன. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுவதும், மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதும் எழுத்துகளின் முனையை மழுங்கடித்துவிடும். மீண்டும் எழுத முடியாத பக்கங்கள் அவை.

சிறிய கோயில் ஒன்றில் அதிட்டானத்தைப் பார்த்துப் பழக வேண்டுமானால், தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே பசுபதிகோயிலை அடுத்த புள்ளமங்கைக்குப் போங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அங்கே அரைத்தூண்களின் அடியில் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகளும் சிவபெருமானின் கோலங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, பிறகு மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க எனக்கு ஒரு முற்பகல் முழுவதும் தேவைப்பட்டது. விரல் நுனியளவே உள்ள முகத்தில் உணர்ச்சி இருக்கிறது. தாராசுரத்தில் இதே மரபு வேறொரு வடிவம் எடுக்கிறது. இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுத்த ஐராவதேசுவரர் கோயிலில், விமானத்தின் கீழ்ப்பகுதியைச் சுற்றி நாயன்மார்களின் வரலாறு சிறு சிறு சிற்பங்களாக ஓடுகிறது. மேலே விளக்கக் குறிப்பும் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடிய சில பத்தாண்டுகளுக்குள் அது கல்லில் ஏறிவிட்டது.

அடுத்தது சுவர். சோழர் சுவர் வெறும் பரப்பாக இருக்காது. சில பகுதிகள் முன்னே வரும், சில உள்ளே போகும். இடையிடையே அரைத்தூண்கள். உண்மையில் அவை எதையும் தனியாகத் தாங்கவில்லை. சுவரிலிருந்தே புடைத்து நிற்கின்றன. மரவீட்டில் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிய நினைவு இது. தூணின் உச்சியில் குடம், தாமரை இதழ், அகன்ற பலகை, அதற்கு மேல் உத்திரத்தைக் கைநீட்டித் தாங்குவது போன்ற போதிகை என்று உறுப்புகள் அடுக்காக வரும்.

இந்தப் போதிகையைக் கவனித்தால் கோயிலின் வயதை ஓரளவு கணிக்கலாம். பல்லவர் போதிகை வளைந்து, அலை அலையான வரிகளோடு இருக்கும். சோழர் கை அதைச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு முன்னே நீளும்படி செய்தது. விஜயநகர காலத்துக்கு வந்தால் தலைகீழான பூமொட்டு தொங்கும். ஒரே கோயிலின் கருவறையில் வெட்டுப் போதிகையும் முன்மண்டபத்தில் பூமொட்டும் இருந்தால், மண்டபம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

சுவரின் நடுவில் இருக்கும் மாடத்துக்குத் தேவகோட்டம் என்று பெயர். சிவன் கோயில்களில் இங்கே ஒரு நிலையான வரிசை உருவாகிவிட்டது. தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரமன். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் தெற்குச் சுவரில் பிள்ளையார், வடக்குச் சுவரில் துர்க்கை. முற்காலக் கோயில்களில் இந்த வரிசை சற்று மாறும். கும்பகோணம் நாகேசுவரன் கோயிலின் மேற்குக் கோட்டத்தில் அர்த்தநாரி நிற்கிறார். அதே கோயிலின் மற்ற மாடங்களில் பெயர் பொறிக்கப்படாத ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். தலை சற்றே சாய்ந்த அந்தப் பெண் உருவங்களை விடச் சிறந்த சோழர் சிற்பம் எதையும் நான் கண்டதில்லை. செம்பியன் மாதேவி எடுப்பித்த கோயில்களில் கோட்டங்களின் எண்ணிக்கை கூடி, நடராசரும் ஒரு மாடத்தில் இடம்பெறத் தொடங்கினார். கண்டராதித்த சோழரின் தேவியான அவர் பல செங்கல் தளிகளைக் கற்றளியாக மாற்றியவர்.

சிற்பத்தில் இருப்பது யார் என்பதை எப்படி அறிவது? கைகளைப் பாருங்கள். மேல் கைகளில் மழுவும் மானும் இருந்தால் சிவன், சங்கும் சக்கரமும் இருந்தால் திருமால். பிரமனுக்கு நான்கு முகங்கள்; சுவர்ச் சிற்பத்தில் மூன்றுதான் தெரியும். பிறகு காலடியைப் பாருங்கள். எருமைத் தலையின் மேல் நிற்பவள் துர்க்கை. ஆலமரத்தடியில் ஒரு காலை மடித்து அமர்ந்து, ஊன்றிய காலின் கீழ் முயலகனை வைத்திருப்பவர் தட்சிணாமூர்த்தி. சுற்றி முனிவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தூண் போன்ற லிங்கத்தின் நடுவில் சிவன், கீழே பன்றி, மேலே அன்னம் என்றால் லிங்கோத்பவர்: அடி தேடிய திருமாலும் முடி தேடிய பிரமனும்.

உடலின் அளவுக்கும் விதி உண்டு. தாலம் என்பது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட கணக்கு. பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து, பூதகணங்களுக்கு நான்கு. பூதங்கள் குட்டையாகவும் பெரிய தலையோடும் குழந்தைகளைப் போலத் தோன்றுவது இந்தக் கணக்கால்தான். விதி இவ்வளவு இறுக்கமாக இருந்தும் இரண்டு தட்சிணாமூர்த்திகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிற்பியின் கை வேலை செய்யும் இடம் விதிக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிறது.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் பேலூரிலும் ஹளேபீடிலும் ஹொய்சளச் சிற்பங்களைப் பார்த்தவர்கள், அந்த நுணுக்கம் சோழர் சிற்பத்தில் இல்லையே என்று குறைபட்டுக்கொள்வது உண்டு. அங்கே பயன்பட்டது மென்மையான மாக்கல். மணிமாலையின் ஒவ்வொரு மணிக்கும் பின்னால் உளியைச் செலுத்த முடியும். சோழர் கையில் இருந்தது கருங்கல். அது அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. அதனால் சோழச் சிற்பி அணிகலனைக் குறைத்து, தோளின் வளைவிலும் இடையின் சாய்விலும் நிற்கும் நிலையிலும் தன் திறமை முழுவதையும் வைத்தான். எனக்கு இந்த அடக்கம்தான் பிடிக்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில், வடக்குப் படிக்கட்டின் அருகே இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன் நின்றால் இது புரியும். மணலில் லிங்கம் செய்து பாலால் ஆட்டிய சிறுவன் விசாரசருமன்; தடுத்துக் காலால் இடறிய தந்தையின் காலையே வெட்டினான். அவனை மகனாக ஏற்றுக்கொண்ட சிவபெருமான், தன் காலடியில் கைகூப்பி அமர்ந்திருப்பவனின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அருகில் உமை. சிற்பத்தில் வன்முறையின் சுவடே இல்லை. தலையில் மாலை சுற்றும் அந்த விரல்களில் தகப்பனின் கவனம் இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன் எடுத்த கோயிலில், என் நினைவில் முதலில் நிற்பது இந்த அமைதிதான்.

வாயிற்காவலரையும் விட்டுவிடக் கூடாது. தஞ்சையின் பெரிய துவாரபாலகர்களில் ஒருவரின் அருகே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பைப் பொருட்படுத்தாமல் நிற்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவரே காவல் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர் எத்தகையவர் என்று நம் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கல்லின் அளவைக் கூட்டாமலே பிரம்மாண்டத்தைக் காட்டும் வழி அது.

சுவருக்கு மேல் பிரஸ்தரம், அதாவது கூரைப் பகுதி. மரவீட்டின் நினைவு மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். உத்திரம் கல்லாக இருக்கிறது. அதற்கு மேல் பூதவரி: சிரிப்பவை, மத்தளம் கொட்டுபவை, முகத்தைக் கோணலாக்குபவை எனக் குட்டிப் பூதங்களின் வரிசை. அவற்றுக்கு மேல் வளைந்து இறங்குவது கொடுங்கை என்னும் கபோதம்; மழைநீர் சுவரில் படாமல் காக்க ஓலைக் கூரையின் விளிம்பு எப்படி வளைந்து இறங்குமோ, அதே வளைவு. அதன் மேல் குதிரை லாடம் போன்ற சிறு வளைவுகள் இருக்கும். அவற்றுக்குக் கூடு என்று பெயர். வளைந்த கூரையின் முகப்பில் காற்றுக்காக விட்ட திறப்பின் நினைவு. பல்லவர் கூடுகளின் நுனி மண்வெட்டியின் அலகு போல இருக்கும். சோழர் அங்கே சிங்கமுகம் வைத்தார்கள். பிற்காலத்தில் ஆவுடையார்கோயிலில், கல் கொடுங்கையின் அடியில் மரச்சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் கயிற்றையும் ஆணிகளையும்கூடக் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சில வேலைகளை நீக்கி மற்றவற்றைச் செய்து தருவோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பிரஸ்தரத்துக்கு மேல் தளங்கள் ஏறுகின்றன. இங்கே குழம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. மாமல்லபுரத்து ரதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். திரௌபதி ரதம் சதுரமான குடிசை. பீம ரதம் நீளவாட்டில் வளைந்த, வண்டிக் கூண்டு போன்ற கூரை கொண்டது. விமானத்தின் ஒவ்வொரு தளத்திலும் மூலையில் நிற்கும் சிறு சதுரக் கட்டடத்துக்குக் கர்ணகூடம் என்று பெயர். அது திரௌபதி ரதத்தின் உறவு. நடுவில் நீண்டு கிடப்பது சாலை. அது பீம ரதத்தின் உறவு. இரண்டுக்கும் இடையே ஒடுங்கி நிற்பது பஞ்சரம். எவ்வளவு உயரமான விமானமானாலும், இந்த வரிசைதான் சிறுத்துச் சிறுத்து மேலே ஏறுகிறது. தஞ்சையில் 13 நிலைகள், ஏறக்குறைய 60 மீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் அதைவிடக் குறைந்த உயரம். தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாக ஏறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அது மெல்ல உள்வளைந்து ஏறுகிறது. தந்தை கோயிலுக்கும் மகன் கோயிலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தொலைவில் நின்றே காணலாம்.

தளங்கள் முடிந்ததும் கழுத்து, அதன் மேல் சிகரம். சிகரம் சதுரமானால் நாகரம், எட்டுப் பட்டையானால் திராவிடம், வட்டமானால் வேசரம் என்று நம் சிற்ப மரபு பிரிக்கிறது. தஞ்சையில் எட்டுப் பட்டை. கீழே மூலைகளில் நந்திகள். அந்தச் சிகரம் ஒரே கல் என்று பரவலாகச் சொல்வார்கள். பல கற்களை இணைத்து அமைத்தது அது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் உண்மையல்ல. காலையிலோ மாலையிலோ போனால் நீண்ட நிழலைப் பார்க்கலாம். இந்தக் கதைகள் இல்லாமலே அந்தக் கட்டடம் வியப்புக்குரியது. ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், உச்சிக்குரிய செப்புக் குடத்தைக் கொடுத்தார் என்ற கல்வெட்டுச் செய்தியே எனக்குப் போதுமானது.

கோபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயில் நீளமானது என்பதால் அதன் உச்சி சாலை வடிவம் கொண்டது. குடங்கள் வரிசையாக நிற்பது அதனால்தான். ராஜராஜன் காலத்தில் விமானமே உயரம், கோபுரம் அதற்கு அடங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து கோபுரம் வளர்ந்தது. திருவண்ணாமலையின் 11 நிலை ராஜகோபுரம் விஜயநகர காலத்து எடுப்பு.

தஞ்சை விமானத்துக்கு உள்ளே, கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு இடையே நடைபாதை இருக்கிறது. கீழ்த்தளத்தில் சோழர் ஓவியங்கள். பிற்காலத்து ஓவியப் பூச்சின் அடியில் மறைந்திருந்தவை 1931இல் வெளிப்பட்டன. மேல்தளத்தில் சிவபெருமான் ஆடும் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 செதுக்கப்பட்டுள்ளன. மீதி 27 கற்கள் வெறுமையாகவே, உளிக்குக் காத்திருக்கும் நிலையில் சுவரில் இருக்கின்றன. எல்லா நேரமும் உள்ளே போய்ப் பார்க்க இயலாது.

வெளிச்சுவரை யாரும் எப்போதும் பார்க்கலாம். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். கருங்கல் சிற்பத்துக்குச் சாய்ந்த வெயில் தேவை. உச்சிவேளையில் எல்லாம் தட்டையாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கும் சுவர் நன்றாகத் தெரியும். மேற்குச் சுவரை மாலையில் பாருங்கள். வடக்குச் சுவர் ஆண்டின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை சீக்கிரமே போனால், எருமைத் தலையின் மேல் நிற்கும் துர்க்கையின் மீது பக்கவாட்டில் வெயில் விழுவதைக் காணலாம்.